சத்தத்தின் எல்லைக்குள் டிராக் ஓட்டம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காரமடைக் கடைவீதியில் நின்றால், ஊட்டிக்குப் போகும் பைக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லிவிடலாம். கம்பெனி சைலன்சரோடு வருவது எது, கழற்றி மாற்றியது எது என்று காதே காட்டிக் கொடுக்கும். மாற்றிய வண்டி வரும்போது தெருநாய் எழுந்து குரைக்கும். தொட்டிலில் பிள்ளை அழும். ஓட்டுகிறவர் கெட்டவர் இல்லை. வண்டியின் முழு வேகத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு. அதற்கான இடம் மேட்டுப்பாளையம் சாலையும் அல்ல, கல்லாறு தாண்டிய மலைப்பாதையும் அல்ல. அந்த இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

காரமடையிலிருந்து செட்டிபாளையம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், கவுண்டம்பாளையம் தாண்டி நகருக்குள் நுழைந்து, போத்தனூர் வழியாகத் தெற்கே போக வேண்டும். அங்கேதான் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-ல் திறந்தார்கள், ஒரு சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர். மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டி, ஃபார்முலா பந்தயத்தை நம் ஊர் இளைஞர்களின் கைக்கு எட்டச் செய்த எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். இந்த டிராக்கை அவர் பார்க்கவில்லை. 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டி, அந்தப் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆன நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். இப்போது கருமத்தம்பட்டிப் பக்கம் சுமார் 3.8 கிலோமீட்டர் நீளத்தில் கோஆஸ்ட் டிராக்கும் வந்துவிட்டது. காரமடைக்காரர்கள் நகர நெரிசலுக்குள் போகாமல் அன்னூர் வழியாகவே அங்கே சேர்ந்துவிடலாம்.

டிராக் டே என்பது பந்தயம் அல்ல. பணம் கட்டி, சொந்த வண்டியைக் கொண்டுபோய், எதிரே லாரியும் குறுக்கே மாடும் வராத பாதையில் ஓட்டிப் பழகும் நாள். முதல் பரிசு கிடையாது. அன்று எப்படி ஓட்டுவது என்று சொல்லித்தர நிறையப் பேர் உண்டு. எவ்வளவு சத்தத்தோடு ஓட்டலாம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு டிராக் மூடப்படுவதற்கு விபத்து மட்டுமே காரணமாக வேண்டியதில்லை. சுற்றி வாழ்கிறவர்களின் பொறுமை தீர்ந்தாலே போதும். அதனால்தான் சத்தத்துக்கு ஒரு தனி அத்தியாயம்.

சட்டத்தின் அளவு

இந்தியாவில் ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. அவை இடத்தை நான்காகப் பிரிக்கின்றன. தொழிற்பகுதியில் பகலில் 75 டெசிபல், இரவில் 70. வணிகப்பகுதியில் 65, 55. குடியிருப்பில் 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. இவை சராசரி அளவுகள் என்பதைக் கவனியுங்கள். சட்டம் சராசரியைப் பார்க்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்பதோ ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கிழிக்கும் அந்த ஒரு வண்டியை. புகார் எழுதுவது அவர்தான். 2005-ல் உச்ச நீதிமன்றம், தேவையற்ற சத்தம் இல்லாமல் வாழ்வது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பெரியவருக்குப் பின்னால் இவ்வளவு பலம் இருக்கிறது.

“டிராக் முதலில் வந்தது, வீடு பிறகுதானே வந்தது” என்று நம்மில் பலர் வாதாடுவது வழக்கம். இந்த வாதம் நிற்காது. இங்கிலாந்தில் மில்டன்ஹால் அருகே மோட்டார் பந்தய மைதானம் 1970-களிலிருந்தே இருந்தது. பக்கத்து வீட்டை ஒரு தம்பதி 2006-ல்தான் வாங்கினார்கள். சத்தம் தாங்காமல் வழக்குப் போட்டார்கள். 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தொல்லை இருக்கும் இடத்துக்குத் தெரிந்தே வந்தார்கள் என்பது பதிலாகாது என்றது. அதற்கு முன்பே, 2009-ல், வடக்கு யார்க்‌ஷயரின் கிராஃப்ட் டிராக் மீது வந்த வழக்கில், அதிகச் சத்தமுள்ள ஓட்டங்களை ஆண்டுக்கு 40 நாளோடு நிறுத்திக்கொள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. பழைய போர் விமானத் தளத்தில் அமைந்த டிராக் அது. நம் சோழவரத்துப் பந்தயமும் அப்படிப்பட்ட விமான ஓடுதளத்தில் நடந்ததுதான். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்த இரவுப் பந்தயத்துக்கு முன்பும், அருகிலுள்ள அரசு மருத்துவமனை நோயாளிகளுக்குச் சத்தம் என்ன செய்யும் என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது.

டிராக் ஓட்டத்துக்கென்றே எல்லை வைத்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் லகுனா சேகா டிராக்கில் வருடத்தின் பெரும்பாலான வாடகை நாட்களுக்கு 90 டெசிபல்தான் எல்லை. பாதையிலிருந்து 50 அடி, அதாவது 15 மீட்டர் தள்ளி ஒலிமானி நிற்கும். மீறினால் கறுப்புக் கொடி. உள்ளே வர வேண்டும். விலையுயர்ந்த கார் வைத்திருப்பவர்கள்கூட, புகைக்குழாயின் வாயை ஒலிமானி இல்லாத பக்கம் திருப்பும் வளைகுழாய் ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

பிரிட்டன் டிராக்குகளில் அதிகம் புழங்கும் எல்லை, நிறுத்திவைத்த வண்டியின் புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டரில் 105 டெசிபல். வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 99, 2-ல் 93, 4-ல் 87, 8-ல் 81, 16-ல் 75, 32-ல் 69, 64-ல் 63, 128-ல் 57, 256 மீட்டரில் 51. கால் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டில் குடியிருப்புக்கான பகல் அளவுக்குள் வந்துவிட்டது. ஆனால் டிராக்கில் ஓடுவது ஒரு வண்டி இல்லையே. ஒரே சத்தமுள்ள பத்து வண்டிகள் சேர்ந்தால் 10 டெசிபல் கூடும். அதே வீட்டில் 61. எல்லை தாண்டிவிட்டது. மண்மேடும் மரவரிசையும் சுவரும் இதைக் கொஞ்சம் குறைக்கும். முழு ஆக்ஸிலரேட்டரில் ஓடும் எஞ்சின், நிறுத்தி அளந்ததைவிடக் கூடுதலாகக் கத்தும்.

இந்தக் கணக்கில் நீங்கள் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று. பத்து டெசிபல் என்பது பத்து மடங்கு ஒலி ஆற்றல். 105-ல் அடங்கும் பத்து வண்டிகள் ஊருக்குள் அனுப்பும் சத்தத்தை, 115-ல் அலறும் ஒரே வண்டி தனியாக அனுப்பிவிடும். மற்ற ஒன்பது பேர் செய்த நல்லதை ஒருவர் அழித்துவிட முடியும் என்பது இதன் பொருள். “நான் ஒருத்தன்தானே” என்று சொல்லித் தப்ப முடியாத இடம் இது.

காற்றும் கணக்கில் சேரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி, ஆவணியில் வீசும் மேல்காற்று கோவைக்காரர்களுக்குப் புதிதல்ல. தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே அதிகம். அதனால் காற்றோடு போகும் ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும், எதிர்த்துப் போவது மேலே எழும்பிவிடும். ஆடிக் காற்றில் டிராக்குக்குக் கிழக்கேயுள்ள ஊர்களுக்குத்தான் சத்தம் அதிகம் போய்ச் சேரும். மார்கழி விடியலில் வேறு கதை. தரை குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும்போது ஒலி மேலே தப்பிப் போகாமல் மடங்கி இறங்கும். பகலில் கேட்காத தூரத்துக்கும் அப்போது கேட்கும். முதல் ஓட்ட வகுப்புக்கு முன் எஞ்சினைச் சூடாக்குகிறேன் என்று நின்ற இடத்தில் முறுக்குவதைக் குளிர்கால மாதங்களில் அடியோடு விட்டுவிடுங்கள். மெதுவாக ஓட்டிச் சூடாக்குவதே எஞ்சினுக்கும் நல்லது.

வண்டியைத் தயார் செய்வது

கம்பெனியிலிருந்து வந்த சைலன்சரே முதல் தேர்வு. நம் நாட்டில் விற்கும் 175 சிசி-க்கு மேற்பட்ட பைக், 7.5 மீட்டர் தள்ளி முழு முடுக்கத்தில் கடக்கும்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது தயாரிப்பாளருக்கு விதி. 80 முதல் 175 சிசி வரை 77, அதற்கும் கீழே 75, பயணிகள் காருக்கு 74. மேலே போட்ட 105 கணக்கை 7.5 மீட்டருக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 81 வருகிறது. சோதனை முறைகள் வேறு வேறு என்றாலும், மாற்றாத வண்டி பெரும்பாலும் டிராக்கின் எல்லைக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

மெக்கானிக்கிடம் போய், “ஏனுங்கண்ணா, பழைய சைலன்சரையே மாட்டிக் குடுத்துருங்க” என்றால், “பிக்கப் போயிருமேங்க” என்பார். போகாது. இன்றைய எஞ்சினின் எரிபொருள் அளவு அந்தச் சைலன்சரை வைத்தே கணக்கிடப்பட்டது. அதை மட்டும் கழற்றி ஃப்ரீ ஃப்ளோ மாட்டி, இசியூ-வைத் தொடாமல் விட்டால், நடு ஆர்பிஎம்-மில் இழுவை குறையவும் செய்யலாம். கூடிய சத்தத்தை வேகம் என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

மாற்றுச் சைலன்சர்தான் இருக்கிறது என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, சத்தத்தைக் குறைக்க உள்ளே சொருகும் டிபி கில்லர். அதைக் கழற்றி வீட்டில் போட்டிருந்தால் தேடி எடுத்து மாட்டுங்கள். திருகு அதிர்வில் கழன்றுவிடாமல் பூட்டுக் கம்பி போடுங்கள். இரண்டாவது, உள்ளே துளைக்குழாயைச் சுற்றியிருக்கும் கிளாஸ் வுல். எரிந்து தீர்ந்த பஞ்சுதான் பழைய சைலன்சர் வருடத்துக்கு வருடம் கூடுதலாகக் கத்துவதற்குக் காரணம். பலர் அதை மாற்றவே மாட்டார்கள். ரிவெட்டைத் துளைத்துத் திறந்து, புதுப் பஞ்சை இறுக்கமாகச் சுற்றி மூடுவது அரைநாள் வேலை. மூன்றாவது, ஹெட்டரும் குழாயும் சேரும் இடத்துக் கேஸ்கெட். அங்கே கசிந்தால் டப்-டப் என்று வெடிக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, இணைப்பிலிருந்து சிறிது தள்ளிக் கையை வைத்துப் பார்த்தாலே கசிவு தெரிந்துவிடும். சூடேறிய பின் அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். இவற்றோடு ஏர் ஃபில்டரையும் பாருங்கள். பெட்டியைத் தூக்கிவிட்டுத் திறந்த ஃபில்டர் மாட்டிய வண்டியில், முன்பக்கத்து உறிஞ்சும் சத்தமே புகைக்குழாய்க்குச் சமமாகப் போய்விடலாம்.

வீட்டிலேயே அளந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது. சுவர், நிறுத்திய கார் எதுவும் மூன்று மீட்டருக்குள் இல்லாத வெட்டவெளி வேண்டும். அறுவடை முடிந்த காடு, காய்ந்த களம் ஏதாவது ஒன்று, வீடுகளிலிருந்து தள்ளி. எஞ்சின் சூடான பிறகு, புகைக்குழாய் வாயின் உயரத்திலேயே, அதிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகை சாய்வில் ஒலிமானியைப் பிடிக்க வேண்டும். நேர் பின்னால் வேண்டாம். புகை நேராக மைக்கில் அடித்தால் எண் பொய்யாகும். அதிகபட்ச ஆர்பிஎம்-மில் முக்கால் பங்கில் சில நொடிகள் நிறுத்தி, ‘ஏ’ எடையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலி சில டெசிபல் முன்பின் காட்டும், உரத்த சத்தத்தில் அதன் மைக் திணறும். எல்லைக்கு ஐந்து டெசிபலாவது கீழே வந்தால்தான் அதை நம்பலாம். டிராக் பதிவு செய்யும்போதே அமைப்பாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எல்லை எத்தனை, நிறுத்தி அளப்பீர்களா ஓடும்போது அளப்பீர்களா, மீறினால் பணம் திரும்புமா.

டிராக்குக்குள்

காலையில் வண்டிப் பரிசோதனை, பிறகு விளக்கக் கூட்டம். மஞ்சள் கொடிக்கு வேகம் குறை, முந்தாதே. சிவப்புக்கு ஓட்டம் நிறுத்தம். நீலத்துக்குப் பின்னால் வேகமான வண்டி. கறுப்புக்கு உள்ளே வா. கூட்டத்தில் சொல்லும் முந்தும் விதி இடத்துக்கு இடம் மாறும், அதை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.

முதல் வகுப்பில், வழக்கமாகப் போடுவதைவிட ஒரு கியர் மேலே வைத்தே முழுச் சுற்றும் ஓட்டுங்கள். புதியவருக்கு நான் தரும் அறிவுரைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. ஆர்பிஎம் குறைந்தால் சத்தம் குறையும். சத்தம் குறைந்தால் பதற்றம் குறையும். பிரேக் பிடிக்கும் இடம், திருப்பும் இடம், வளைவின் உள்முனை, வெளியே விரியும் கோடு ஆகிய நான்கும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கியர் மாற்றிக்கொண்டே இருப்பவர் கோட்டைப் பார்ப்பதில்லை. நல்ல ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது, வண்டி நேராக நிமிர நிமிரக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அவர் வண்டியின் சத்தமும் சீராக ஏறும். வளைவு நடுவில் முறுக்கி, பயந்து விட்டு, மறுபடி முறுக்குகிறவரின் வண்டி விட்டுவிட்டுக் கத்தும். பிட் சுவரில் சாய்ந்து நின்று கண்ணை மூடிக் கேட்டால் யார் ஓட்டக் கற்றிருக்கிறார் என்று தெரிந்துவிடும். சத்த எல்லை ஓட்டுநரின் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு நல்ல ஆசிரியர்.

கார்க்காரர்களுக்கு டயர் சத்தமும் உண்டு. மெல்லிய முனகல் வரலாம், அது பிடிப்பின் விளிம்பு. கிறீச்சிட்டால் முன்டயர் பாதையை இழந்து வழுக்குகிறது. ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பாமல் சற்று நேராக்குங்கள். இரண்டு கிலோமீட்டர் டிராக்கில் பிரேக்குக்கு ஓய்வு கிடைக்காது. பிரேக் ஆயிலை முன்பே மாற்றியிருங்கள். நாலைந்து சுற்று வேகமாக ஓட்டினால் ஒரு சுற்று ஆற விடுங்கள். பிட்டுக்கு வந்ததும் கைப்பிரேக் போடாதீர்கள், சூட்டில் பிரேக் கெடலாம். பங்குனி, சித்திரையில் ஹெல்மெட்டும் லெதரும் போட்டு வெயிலில் நின்றால் மயக்கம் வரும். மோரோ உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரோ வகுப்புக்கு முன்னும் பின்னும் குடியுங்கள்.

சொந்தக் காதை மறந்துவிடாதீர்கள். ஹெல்மெட்டுக்குள் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இரைச்சல் மட்டுமே 95 டெசிபலைத் தொடும். எட்டு மணி நேரத்துக்கு 85 என்றும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 94-க்கு ஒரு மணி நேரம். 100-க்குப் பதினைந்து நிமிடம்தான். சோமனூரிலும் பல்லடத்திலும் தறிப்பட்டறையில் வருடக்கணக்கில் வேலை செய்தவர்கள் வீட்டிலும் உரக்கப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். டிராக்கில் கெடும் காதும் அப்படித்தான், வலிக்காமல் கெடும், திரும்பி வராது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் போதும். விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே வைத்து, உப்பி நிறையும்வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். கூட வந்த தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்குங்கள்; பிட் சுவருக்கு அருகே நிற்கிறவர்கள் அவர்கள்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டு மோட்டார் பாலிசிகள் ஏற்பாடு செய்து நடத்தும் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கி வைத்திருக்கின்றன. டிராக்கில் வண்டி உடைந்தால் பெரும்பாலும் உங்கள் செலவுதான் என்று நினைத்தே இறங்குங்கள்.

வீடு திரும்பும்போது

டிராக்குக்கென்று தனியாகச் சத்தமுள்ள சைலன்சர் வைத்திருப்பவர்கள், அதை மாட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் வாடகை பெரிதாகத் தெரியாது. அது முடியாது என்றால் சைலன்சரைப் பையில் வைத்துக்கொண்டு போய் அங்கே மாட்டி, கிளம்பும் முன் கழற்றிவிடுங்கள். ஒலி அளவை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமமும் மூன்று மாதம் செல்லாது.

செட்டிபாளையத்திலிருந்து கிளம்பும்போது, டிராக்கைச் சுற்றியுள்ள தெருக்களில் இரண்டாம் கியரில் முறுக்காமல், மேல் கியரில் மெதுவாகப் போங்கள். அடுத்த டிராக் டேவுக்குக் கேட் திறக்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்களில் அந்தத் தெருக்காரர்களும் உண்டு.